நாதவீட்டில் இல்லாத பட்டன்

"ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது!"

நாகேந்திரம் கட்டளை போட்டுவிட்டு, கைத்தொலைபேசியை லப்டொப்பின் ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தார். அந்த வீட்டில் மூச்சு விடக்கூடிய மற்ற ஆள் அவருடைய மனைவி சிவமணி மட்டும்தான். அவள் குசினி வாசலில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

லப்டொப்பில் வீணை தொடங்கியது. பின்னால் மெல்லப் புல்லாங்குழல் வந்து சேர்ந்தது. நாகேந்திரத்தின் புருவம் இரண்டும் தாளத்துக்கு ஏறி இறங்கின. இன்னும் இரண்டே நிமிடம். அதற்குள் பிரஷர் குக்கர், யாரோ கிள்ளிவிட்டது போல வீரிட்டுக் கத்தியது.

"சிவமணி!"

"நான் மூச்சு விடேல்லையப்பா. அது குக்கர்."

"அதை நிப்பாட்டியிருக்கலாம்தானே?"

"மூச்சு விடாமல் எப்படி நடந்து போய் நிப்பாட்டுறது?"

நியாயமான கேள்விதான். நாகேந்திரம் போனில் பதிந்ததை அழித்தார். காலையில் இருந்து அது ஆறாவது முறை.

விசயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சிவமணியின் தமக்கை மகள் ஆரணிக்கு வெள்ளவத்தையில் கல்யாணம். "சித்தப்பா, நான் மணவறைக்கு நடந்து வரேக்க நீங்கள் செய்த பாட்டுத்தான் போகவேணும். சினிமாப் பாட்டுப் போட்டால் நான் வரமாட்டன்" என்று அவள் சொல்லிவிட்டாள். மூன்று வருடத்தில் நாகேந்திரத்தின் பாட்டைக் கேட்கவேண்டும் என்று வாய் திறந்து சொன்ன முதல் மனிதப்பிறவி அவள். மனுசன் அன்றைக்குச் சோறே சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோசம்.

அவர் பாட்டுச் செய்வது 'நாதவீடு' என்கிற கொம்பியூட்டர் புரோகிராமில். அதற்குள் நூற்றிருபது வாத்தியங்கள் குடியிருந்தன. விரலால் தட்டினால் தவில் பேசும், இழுத்துவிட்டால் வயலின் அழும். நாகேந்திரம் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பக்கத்து வீட்டு ஐறீன் அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது போல ஓடிவிடுவாள். அப்பேர்ப்பட்ட நாதவீட்டில் ஒரே ஒரு குறை. செய்து முடித்த பாட்டை ஒரு ஃபைலாக வெளியே எடுக்கிற பட்டன் அதில் இல்லை. அந்த லப்டொப்பில் அந்தப் புரோகிராமைத் திறந்தால் கேட்கலாம். மற்றபடி ஒருவருக்கும் அனுப்ப முடியாது, வேறெங்கும் போட முடியாது. நாற்பத்தொரு பாட்டும் கலியாணம் சரிவராத குமர்ப்பிள்ளைகள் மாதிரி உள்ளேயே இருந்தன.

ஒருமுறை அதைச் செய்தவர்களுக்கே எழுதிக் கேட்டார். 'மேலே மூன்றாவது இடத்தில் "வெளியே எடு" என்று இருக்கிறது. அதை அழுத்துங்கள்' என்று பதில் வந்தது. நாகேந்திரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது இடத்தில் 'உதவி' என்றுதான் இருந்தது.

"பாவங்கள். தாங்கள் செய்த சாமானைத் தாங்களே திறந்து பாக்கேல்லைப் போல" என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டார். விரும்பிய இடத்தில் அவர் குறை பிடிக்கிற ஆள் இல்லை.

வேறு புரோகிராம் வாங்குவோமா என்று எப்போதாவது யோசித்தால், சிவமணிதான் பதறுவாள்.

"ஐயோ, வேண்டாமப்பா! இவ்வளவு நல்ல சாமானை விடுறதே? ஒரு குறையும் இல்லாத ஆக்கள் ஆர் இருக்கினம்? உங்களை நான் வைச்சிருக்கேல்லையே?"

இப்படி ஒரு மனைவி கிடைக்க நான் என்ன தவம் செய்தேனோ என்று நாகேந்திரம் உருகிப்போவார். அந்த நாதவீட்டை வாங்கித் தந்ததும் அவள்தான். முப்பத்து நாலு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்பு அடுக்கிவிட்டு ஓய்வு பெற்று வந்தவர், முதல் மாதம் குசினிக்குள் புகுந்து டின்களை அகர வரிசையில் அடுக்கினார். சீனிக்குப் பக்கத்தில் சீரகம் வந்து, பாயாசம் சீரகத்தோடு பொங்கியது. புட்டு அவிவதை மணிக்கூடு பிடித்துப் பார்த்தார். "போன கிழமை சம்பலுக்கு ரெண்டு வெங்காயம். இந்தக் கிழமை ஏன் மூண்டு?" என்று விசாரணை வைத்தார். தமக்கைக்குக் கால் நோ என்று சொல்லிச் சிவமணி பாமன்கடையில் அவள் வீட்டுக்குப் போய் நாலு நாள் நின்றாள். தமக்கை அந்த நாலு நாளும் நன்றாகத்தான் நடந்து திரிந்தாள்.

பிறகு தபால் முத்திரை ஒட்டுகிற அல்பம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மூன்று கிழமையில் ஒட்டி முடித்துவிட்டு பிரிட்ஜை ஒழுங்குபடுத்த வந்தார். ஆயிரம் துண்டைப் பொருத்திச் சேர்க்கிற படம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். ஐந்தே நாள். அதற்குப் பிறகுதான் அவருடைய பிறந்தநாளுக்கு அவளே மருதானைக்குப் போய், கொம்பியூட்டர் கடை ஷரீபிடம் லப்டொப்பைக் கொடுத்து நாதவீட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து நாகேந்திரம் அறையில், சிவமணி குசினியில். வீட்டில் ஒரு சண்டை இல்லை.

குக்கரால் தோற்றவர் அடுத்த நாள் குக்கரைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் பதியத் தொடங்கினார். பாட்டு பாதி போவதற்குள், கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி தடதடவென்று போனது. நேர அட்டவணையைத் தேடி எடுத்து, கோச்சி இல்லாத இடைவெளி பார்த்து உட்கார்ந்தார். முந்தின கோச்சி பிந்தி வந்து அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது.

"சனியன்! நேரத்துக்கு வந்திருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை."

வெள்ளிக்கிழமை அவருக்கு மூளை வேலை செய்தது. சேலைக்குள் சத்தம் புகாது. அலுமாரிக்குள் போய் இருந்தால் என்ன? லப்டொப், சார்ஜர், போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிவமணியின் அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். இரட்டைக் காவலாக நாதவீட்டுக்குள்ளும் பதியட்டும் என்று லப்டொப்பின் மைக்கையும் போட்டுவிட்டார். ஆகா, என்ன சுத்தம்! வீணையின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. ஒரு நிமிடம் போயிருக்கும். கதவு படாரென்று திறந்தது.

"இஞ்சருங்கோ! அலுமாரிக்குள்ள இருந்து என்ன செய்யிறியள்? ஆருக்கு ஒளிச்சிருக்கிறியள்?"

நாகேந்திரம் கூறைச்சேலை ஒன்று கழுத்தைச் சுற்ற, லப்டொப்பை மட்டும் நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தார். வந்த கோபத்தில் போனில் பதிந்ததை அழித்தார். மைக்கை மறந்துபோனார். சார்ஜர் சேலைகளுக்குள் கிடந்தது, அதையும் மறந்துபோனார்.

"இனி ஷரீபிட்டைத்தான் போகவேணும்."

சிவமணியின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "போங்கோ, போங்கோ. வெறுங்கையோட போகாதேங்கோ" என்று உளுந்து வடைப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள். அது புதிய வழக்கம் அல்ல. மாதா மாதம் அவர் லப்டொப்பைத் துப்புரவாக்கக் கொண்டுபோகும்போதெல்லாம் ஷரீபுக்கு வடை போகும். "பாவம், கடையை விட்டுட்டுச் சாப்பிடப் போகாத ஆள்" என்பாள்.

ஷரீபுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றி பாதித் தலைவரை ஏறியிருந்தது. வடையை வாங்கியபோது சிரித்தவர், விசயத்தைக் கேட்டதும் வடையைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"வெளிய எடுக்கவா? ஏன் அங்கிள்? வீட்டுலயே கேட்டா நல்லம்தானே?"

"பிள்ளையின்ர கலியாணம், தம்பி. ஏதாவது வயர் போட்டாவது வேற கொம்பியூட்டருக்கு எடுக்கேலாதோ?"

"ஒரு நிமிசம் இருங்க அங்கிள்." ஷரீப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ரோட்டோரம் நின்று யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். வியர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏலாது அங்கிள். இது அப்படி ஒரு சாமான். ஆனா நான் ஒண்டு செய்யறேன். ஞாயித்துக்கெழம நானே மண்டபத்துக்கு வாரேன். லெப்டொப்பயே கொண்டு வாங்க, நேரா பெரிய ஸ்பீக்கர்ல கொளுவிருவோம். சல்லி ஒண்டும் வாணாம்."

"சும்மாவோ?"

"சும்மாதான், அங்கிள்." ஷரீப் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிசனா என்று நாகேந்திரத்துக்குப் பஸ்ஸில் வரும்போது கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முந்நூறு பேர். தாலி கட்டுகிற முகூர்த்தம் பத்து ஐம்பதோடு முடிகிறது. மணவறையில் மாப்பிள்ளை லவன், பக்கத்தில் தோழன் ஹரிசன். முதல் வரிசையில் லவனின் பெரியம்மா, பொல்லாத தடிமனோடு, ஒழுகும் மூக்கோடு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மண்டபம் அதிரத் தும்மினார்.

பத்து மணிக்கு ஆரணி வாசலில் வந்து நின்று சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நாகேந்திரம் பட்டனை அழுத்தினார். மண்டபம் முழுக்க வீணை. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். "ஆர் செய்தது? நல்லாயிருக்கு" என்று யாரோ கேட்டது அவர் காதில் தேனாக விழுந்தது. ஆரணி அடியெடுத்து வைத்து நடந்தாள். பாதி வழி வந்திருப்பாள்.

"இஞ்சருங்கோ! அலுமாரிக்குள்ள இருந்து என்ன செய்யிறியள்? ஆருக்கு ஒளிச்சிருக்கிறியள்?"

எட்டு ஸ்பீக்கரிலும் சிவமணி. முந்நூறு தலை ஒன்றாகத் திரும்பியது. மணவறையில் தட்டோடு நின்ற உண்மையான சிவமணி, தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தாள். ஆரணி சிரிப்பை அடக்கமுடியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்தாள். நாகேந்திரம் பாய்ந்து பாட்டை நிறுத்தினார்.

"பாட்டில இப்படி ஒரு வரி வருமெண்டு சொல்லேல்லையே" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் சிவபாலன்.

அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த இடி. மேளகாரர் விடியக் கொட்டாஞ்சேனையில் இன்னொரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது கொச்சிக்கடையில் துறைமுக லொறிகளுக்கு நடுவே வான் மாட்டிக்கொண்டது. பதினொரு மணிக்கு முன்னால் வரமுடியாது.

"கெட்டிமேளம் இல்லாமல் எப்படித் தாலி கட்டுறது?" என்றார் குருக்கள். "அந்த நேரம் அபசகுனமாக ஒரு சத்தமும் சபையில கேக்கக்கூடாதெண்டுதானே மேளத்தைக் கொட்டுறது."

எல்லாரும் பேசாமல் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா தும்மினார்.

"தாலி ஏறேக்க இவ தும்மினால் பிறகு என்ர சொந்தத்துக்கு நான் என்ன பதில் சொல்லுறது? முகூர்த்தம் தப்பினால் வேற நாள்தான் பாக்கவேணும்" என்றார் சிவபாலன். ஆரணியின் தாய் அழத் தொடங்கினாள்.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ!" நாகேந்திரம் எழும்பினார். "நாதவீட்டில தவில் இருக்கு, நாதஸ்வரம் இருக்கு. பத்து நிமிசம் தாருங்கோ!"

ஆரணி கூறை மாற்ற உள்ளே போயிருந்த நேரத்தில் மனுசன் வேலையில் இறங்கினார். விரல்கள் பறந்தன. எட்டே நிமிடம். ஒரு கெட்டிமேளம், கேட்டால் உடம்பு புல்லரிக்கும். சரியாக வந்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பார்க்கப் பட்டனை அழுத்தினார். லப்டொப் இன்னும் பெரிய ஸ்பீக்கரில்தான் இருக்கிறது என்பது அழுத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

டும் டும் டும் டும்!

கெட்டிமேளம் கேட்டால் எங்கள் சனம் தலை நிமிர்ந்து பார்க்காது. கைதான் முதலில் எழும்பும். முந்நூறு கையும் எழும்பி, பூவும் அட்சதையும் மழையாகப் பொழிந்தது. மணவறையில் இருந்தது லவனும் ஹரிசனும் மட்டும்தான். ஹரிசன் வாய்க்குள் போன அரிசியைத் துப்பிவிட்டு, "அங்கிள், நான் பொம்பிளை இல்லை!" என்று கத்தினான். இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு எழும்பிவிட்டார்கள்.

அவர்களைத் திரும்ப இருத்தி, புது அட்சதை பிரித்துக் கொடுத்து முடிய மணி பத்து இருபத்தைந்து. அப்போதுதான் லப்டொப்பின் மூலையில் சிவப்பாக ஏதோ மின்னியது. பற்றரி ஆறு வீதம்.

"சார்ஜரக் குடுங்க அங்கிள்" என்றார் ஷரீப்.

நாகேந்திரம் பையைக் கவிழ்த்தார். கண்ணாடிக்கூடு விழுந்தது, பேனை விழுந்தது. பிறகு அவருக்கு அலுமாரி கண்ணுக்குள் வந்தது. சேலைகளுக்கு அடியில் சார்ஜர் சௌக்கியமாகப் படுத்திருந்தது. காலிக்குப் போகிற பெரிய வீதி நெரிசலில் வீட்டுக்குப் போய்வர முகூர்த்தம் நிற்காது. ஷரீபிடம் இருந்த ஒரு சார்ஜரும் பொருந்தவில்லை. கடைசி முயற்சியாகக் கெட்டிமேளத்தை மெதுவாகப் போட்டுப் போனில் பிடித்துப் பார்த்தார்கள். நடுவில் பெரியம்மாவின் தும்மல் தெளிவாகப் பதிந்திருந்தது. பற்றரி மூன்று வீதம்.

நாகேந்திரம் கதிரையில் சரிந்தார்.

"தம்பி ஷரீப், இதை நான் பெத்த பிள்ளை மாதிரி வைச்சிருந்தனான். ஒரு நாளும் ஒரு குறை சொல்லேல்லை. ஒரேயொரு பட்டன். இண்டைக்கு ஒரு நாளைக்கு அது இருந்திருந்தால், என்ர பிள்ளையின்ர கலியாணம் நிக்காது." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஷரீப் மணவறையைப் பார்த்தார். அங்கே சிவமணி தட்டோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு அழுகிற தமக்கையைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

ஷரீப் லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தார். எதையோ தட்டினார், ஒரு பாஸ்வேர்ட் போட்டார். திரையின் மேலே, மூன்றாவது இடத்தில், 'உதவி' மெல்ல வலப்பக்கம் ஒதுங்கி இடம் விட்டது. அங்கே வந்து உட்கார்ந்தது: 'வெளியே எடு.'

நாகேந்திரத்தின் அழுகை பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது.

நாற்பது செக்கனில் கெட்டிமேளம் ஷரீபின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. லப்டொப் அடுத்த நிமிடமே கண்ணை மூடியது. பத்து நாற்பத்திரண்டுக்குக் குருக்கள் கையை உயர்த்த, ஷரீப் போனை அழுத்த, மண்டபம் கிடுகிடுத்தது. லவன் தாலியைக் கட்டினான். பெரியம்மா மூன்று தரம் தும்மினார். வாய் திறந்து மூடியதுதான் தெரிந்தது, ஒரு காதுக்கும் கேட்கவில்லை. இந்த முறை அட்சதை ஆரணியின் தலையிலும் விழுந்தது.

"அண்ணை, நிசமான மேளம் தோத்துது!" என்று சிவபாலன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். நாகேந்திரத்துக்கு அது ஏறவில்லை. அவர் கறுத்துப்போன திரையில் மூன்றாவது இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணவறையில் நின்ற சிவமணி திடீரென்று மின்விசிறியில் மிகவும் அக்கறை காட்டினாள்.

"தம்பி, மூண்டு வருசம். நாப்பத்தொரு பாட்டு. அந்தப் பட்டன் எங்கையிருந்து வந்தது?"

ஷரீப் வயர்களைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்க வாணாம் அங்கிள், நான்தான் மறச்சி வெச்ச, 'கையில உள்ள வேல முடிஞ்சா இந்த மனுசன் நேரா குசினிக்குத்தான் வருவார், முடியாத மாதிரி ஏதாச்சும் செஞ்சு தாங்க தம்பி'ண்டு ஆன்ட்டிதான் சொன்ன, மாசாமாசம் நீங்க கொண்டாந்து தந்த வடையெல்லாம் அதுக்குத்தான்."